காப்பியடித்த கத்தி வாங்கலாமா? பொறி, உருவம், பெயர் என்று பிரித்துப் பார்ப்போம்

அமெரிக்காவில் 400 டாலருக்கு மேல் விற்கும் ஒரு மடக்குக் கத்தி. அதே வளைவு, அதே திருகு, அதே கைப்பிடியோடு இன்னொன்று இணையக் கடையில் 40 டாலருக்குக் கிடைக்கிறது. வாங்கினால் தப்பா? ‘சந்தேகமே இல்லை, திருட்டு’ என்பார் ஒருவர். ‘கத்தியை என்ன நேற்றா கண்டுபிடித்தார்கள்? உலகத்தில் எல்லாக் கத்தியும் காப்பிதான்’ என்பார் இன்னொருவர். கத்தி சேகரிப்பவர்களிடையே பல வருடமாக ஓடும் இந்தச் சண்டை தீராததற்குக் காரணம், இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருப்பதுதான். அந்தப் பாதிகள் கத்தியின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றியவை.

பிரியாணிக் கடையிலிருந்து தொடங்கலாம்

திண்டுக்கல்லில் பேர் வாங்கிய ஒரு பிரியாணிக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துத் தெருவில் இன்னொருவர் சீரக சம்பா அரிசியில், அதே பாணியில் தம் போட்டு விற்கிறார். யாரும் அவரைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். சமையல் முறை ஊருக்குப் பொது. அவரே முதல் கடையின் உள் அலங்காரம், தட்டு, மெனு, சுவரின் நிறம் வரை அப்படியே பெயர்த்து வைத்தால் ‘என்னப்பா இது?’ என்று நெளிவோம். வாசலில் முதல் கடையின் பெயர்ப்பலகையையே மாட்டினால் அது சந்தேகத்துக்கு இடமில்லாத ஏமாற்று.

கத்தியிலும் இந்த மூன்று அடுக்கு உண்டு. அது எப்படி வேலை செய்கிறது என்பது பொறி. எப்படித் தெரிகிறது என்பது உருவம். யார் செய்ததாகச் சொல்கிறது என்பது பெயர். மூன்றுக்கும் சட்டம் வேறு, நியாயமும் வேறு.

பொறி: காலக்கெடு உள்ள உரிமை

மடக்குக் கத்தியில் விலைமதிப்புள்ள கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் பூட்டில்தான் இருக்கின்றன. விரித்த அலகு, வெட்டும்போது விரல் மேல் மடங்கிவிடாமல் தடுப்பதே பூட்டின் வேலை. ஒரு புதிய பொறியமைப்பைக் கண்டுபிடித்தவருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு அதைத் தயாரிக்கவும் விற்கவும் அரசு தரும் தனியுரிமைதான் காப்புரிமை, பேச்சில் பேட்டன்ட். அமெரிக்காவிலும் இந்தியாவிலும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. பதிலுக்குக் கண்டுபிடிப்பாளர் தன் பொறியின் படத்தையும் விளக்கத்தையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். கெடு முடிந்ததும் அது பொதுச்சொத்து.

அமெரிக்கக் கத்தி நிறுவனமான பெஞ்ச்மேட்டின் ஆக்சிஸ் பூட்டு இதற்கு நல்ல உதாரணம். பில் மெக்ஹென்றி, ஜேசன் வில்லியம்ஸ் இருவரும் உருவாக்கியது. கைப்பிடிக்குக் குறுக்கே ஒரு சிறு எஃகுக் கம்பி. இரண்டு மெல்லிய வில் சுருள்கள் அதை முன்னோக்கித் தள்ளுகின்றன. அலகு விரிந்ததும் அதன் அடிப்பகுதியில் உள்ள சரிவின் மேல் கம்பி ஏறி உட்கார்ந்து மடங்க விடாமல் நிறுத்துகிறது. இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1998இல் வழங்கப்பட்டு, 2016இல் காலாவதியானது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் இதே பூட்டைத் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. அதில் தவறே இல்லை. காப்புரிமை ஏற்பாட்டின் நோக்கமே அதுதான். சீனாவின் கான்சோ நிறுவனம் கெடு முடிவதற்கு முன்பே இந்தப் பூட்டோடு கத்திகளை விற்றது என்பதுதான் இந்த நியாயத்துக்குள் அடங்காத பகுதி. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனித்தனி என்பதால், அமெரிக்கப் பத்திரத்தைக் காட்டிச் சீனத் தொழிற்சாலையை நிறுத்த முடியாது. சரக்கு அமெரிக்காவுக்குள் வரும்போதுதான் அந்தப் பத்திரத்துக்குப் பல் முளைக்கும்.

எல்லாப் பூட்டுக்கும் காப்புரிமை இருந்ததில்லை. கத்தி வடிவமைப்பாளர் மைக்கேல் வாக்கர் 1980களின் தொடக்கத்தில் செம்மைப்படுத்திய லைனர் லாக் என்ற பூட்டு, இன்று எண்ணற்ற மடக்குக் கத்திகளில் இருக்கிறது. கைப்பிடிக்குள் இருக்கும் உலோகத் தகடு வில் போலத் துள்ளி, அலகின் அடியில் போய் முட்டுக்கொடுக்கும். இன்னொரு வடிவமைப்பாளரான கிறிஸ் ரீவ் அந்த யோசனையை ஒரு படி நகர்த்தினார். தனித் தகடு எதற்கு, கைப்பிடியின் ஒரு பக்கத்தையே நீளவாக்கில் அறுத்து வில்லாக்கிவிடலாம் என்பது அவர் கணக்கு. அவருடைய செபென்சா கத்தியில் (தொடக்கத்தில் சொன்ன 400 டாலர் ரகம்தான்) வந்த அந்த அமைப்புதான் இன்று எல்லோரும் சொல்லும் ஃப்ரேம் லாக். ஃப்ரேம் லாக் உள்ள ஒரு கத்தியைப் பார்த்து ‘இது செபென்சா காப்பி’ என்பவர் அவசரப்படுகிறார். பொறி பொது, மற்றதைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஆக, காலாவதியான அல்லது காப்புரிமையே எடுக்கப்படாத பொறியைப் பயன்படுத்தும் கத்தியை வாங்குவதில் குற்ற உணர்வுக்கு வேலையில்லை. காப்புரிமை உயிரோடு இருக்கும் பொறியென்றால், அனுமதி பெற்றார்களா என்று பார்க்க வேண்டும்.

அந்த அனுமதிக்குத்தான் உரிமம், அதாவது லைசென்ஸ் என்று பெயர். அமெரிக்கக் கத்தி வடிவமைப்பாளர் எர்னஸ்ட் எமர்சன், அலகின் முதுகில் ஒரு கொக்கி வைத்து, பையிலிருந்து உருவும்போதே கத்தி விரியும்படி செய்து காப்புரிமை பெற்றார். ஸ்பைடெர்கோ நிறுவனம் உரிமம் வாங்கித் தன் கத்திகளில் அதைச் சேர்த்தது. கெர்ஷா நிறுவனமோ எமர்சனின் வடிவங்களையே உரிமத்தோடு சீனாவில் தயாரித்து, அசலின் விலையில் சிறு பங்குக்கு விற்றது. ‘விலை குறைய வேண்டுமானால் திருடித்தான் ஆக வேண்டும்’ என்ற வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு கிடைக்காது.

உருவம்: சண்டை நடக்கும் இடம்

பொருளின் தோற்றத்துக்குத் தனியாக ஒரு பாதுகாப்பு உண்டு. அதற்கு வடிவமைப்புப் பதிவு என்று பெயர். இந்தியாவில் 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 ஆண்டு, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். அமெரிக்காவில் இப்போது 15 ஆண்டு. ஆனால் ஒரு சிறு தொழிற்கூடம், வருடம் நான்கு மாடல் வெளியிட்டால் நான்கையும் ஒவ்வொரு நாட்டிலும் பதிவு செய்வது கட்டுப்படியாகாது. அதனால் பெரும்பாலான கத்தி உருவங்களுக்குச் சட்டக் காவல் கிடையாது. ‘கேஸ் போட முடியாது, அதனால் தப்பில்லை’ என்ற பேச்சு இந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வருகிறது.

உருவக் காப்பியிலும் தரம் பிரிக்க வேண்டும். ஒரு முனையில் குளோன்: அசலை அளந்து, வளைவுக்கு வளைவு, துளைக்குத் துளை எடுத்துச் செய்தது, சில நேரம் அசலின் திருகுகூட இதில் பொருந்தும். மறுமுனையில் தாக்கம்: அலகின் சாயலோ, கைப்பிடியின் ஒரு வரியோ எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும், மற்றதெல்லாம் புதிது. இரண்டுக்கும் நடுவே ‘ஹோமேஜ்’, அதாவது அசலுக்குச் செலுத்தும் மரியாதை, என்று விற்பனையாளர்கள் அழைக்கும் கூட்டம்.

தாக்கம் இல்லாமல் கத்தி உலகமே இல்லை. ஜப்பானின் கியூட்டோ என்ற சமையல் கத்தி, மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868-1912) மாட்டிறைச்சி உண்ணும் பழக்கத்தோடு வந்த ஐரோப்பியக் கத்தியைப் பார்த்துச் செய்தது. இன்று ஐரோப்பியச் சமையல்காரர்களே அதைத் தேடி வாங்குகிறார்கள். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த 110 என்ற மடக்குக் கத்தி மாடலை எத்தனை பேர் பின்பற்றினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. கைப்பிடியின் முதுகில் வரும் அதன் பூட்டைப் பக் நிறுவனமும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, பிரபலப்படுத்தியது. நம் ஊர்க் கொல்லுப்பட்டறை அரிவாளுக்கும் இதே கதைதான். திருப்பாச்சேத்திக்காரர் வளைவைப் பார்த்து அடுத்த ஊர்க் கொல்லர் அடித்தால் யாரும் பஞ்சாயத்துக் கூட்டுவதில்லை.

அப்படியென்றால் கோடு எங்கே? நான்கு கேள்விகள் உதவும். அந்த வடிவத்தை உருவாக்கியவர் இன்னும் அதைத் தயாரித்து விற்கிறாரா? பெயரை மறைத்துவிட்டுப் பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று என்று ஏமாறுவோமா? எடுத்துக்கொண்ட அம்சம் வேலைக்குத் தேவையானதா, வெறும் அடையாளமா? தயாரிப்பாளர் எங்கிருந்து எடுத்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறாரா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்று வந்தால் அது குளோன்தான். ஹோமேஜ் என்று பெட்டியில் அச்சடித்தால் மாறிவிடாது. தயாரிப்பு நின்று பல பத்தாண்டு ஆன பழைய மாடல் என்றால் என் தராசு காப்பியின் பக்கம் கொஞ்சம் சாயும்.

மூன்றாம் கேள்விக்கு ஸ்பைடெர்கோவின் வட்டத் துளை சுவையான உதாரணம். 1981இல் வந்த வொர்க்கர் மாடலில், கட்டைவிரலால் ஒரே கையில் விரிக்க அலகில் ஒரு வட்ட ஓட்டை போட்டார்கள். ஓட்டை போடும் யோசனைக்கு இருந்த காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் வட்டமாக இருப்பதைத் தன் அடையாளமாக அந்த நிறுவனம் பதிவு செய்து வைத்திருக்கிறது. நீள்வட்டமாகவோ சாய்சதுரமாகவோ ஓட்டை போட்டாலும் விரல் அதே வேலையைச் செய்யும். வட்டம்தான் வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். பெஞ்ச்மேட் 1990களில் அப்படி உரிமத்தோடுதான் ஒரு மாடலில் வட்டத் துளை வைத்தது. ‘வேலைக்குத் தேவை இல்லை, ஆனாலும் வட்டம்தான் போடுவேன்’ என்று ஒரு காப்பித் தொழிற்சாலை அடம்பிடிப்பது எதற்காக என்று நாமே ஊகிக்கலாம்.

பெயர்: இங்கே மட்டும் குழப்பம் இல்லை

ஒரு பொருள் யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பெயரும் குறியும் வணிகச் சின்னம், அதாவது டிரேட்மார்க். காப்புரிமை போல இதற்குக் கடைசி நாள் கிடையாது, புதுப்பித்துக்கொண்டே இருக்கலாம். அதனால்தான் ஆக்சிஸ் பூட்டின் பொறி பொதுவான பிறகும், மற்றவர்கள் அதைக் ‘கிராஸ்பார் லாக்’ என்றோ வேறு பெயரிலோ அழைக்கிறார்கள். பொறி பொது, பெயர் பெஞ்ச்மேட்டுக்கு.

அசலின் பெயரையும் சின்னத்தையும் பொறித்து விற்பது போலி. நம் கடைத்தெருவில் ‘ஃபர்ஸ்ட் காப்பி’, ‘மாஸ்டர் காப்பி’ என்று கௌரவமாகச் சொன்னாலும் அது போலிதான். இந்தியாவில் பொய்ச் சின்னம் இட்ட சரக்கை விற்றால், 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 104ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ‘நான் தெரிந்துதானே வாங்குகிறேன், என்னை யாரும் ஏமாற்றவில்லையே’ என்பது வாங்குபவர் வரையில் சரி. அந்தக் கத்தி அவரிடமே நின்றுவிடுவதில்லை. பத்து வருடம் கழித்து வேறொருவர் கையில், பெட்டியோடும் பொய்ப் பெயரோடும், அசல் விலைக்கு விற்பனைக்கு வரும்.

பெயர் விஷயத்தில் சட்டமும் நியாயமும் தலைகீழாகப் போனதும் உண்டு. பிரான்ஸின் லாகியோல் என்ற கிராமத்தின் பெயரில் ஒரு கத்தி வடிவம் புகழ்பெற்றது. அந்தப் பெயர் பொதுப்பெயராகக் கருதப்பட்டதால் உலகில் எங்கே செய்ததிலும் ‘லாகியோல்’ என்று பொறிக்க முடிந்தது. போதாக்குறைக்கு 1993இல் கிராமத்துக்குத் தொடர்பில்லாத ஒரு தொழிலதிபர் அதைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொள்ள, ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயருக்காகவே பல வருடம் நீதிமன்றம் ஏறினார்கள். அலகில் அந்தப் பெயரையும் கைப்பிடி முகப்பில் தேனீயையும் பார்த்து ‘அந்த ஊர்க் கத்தி’ என்று நம்பினால் ஏமாறுவோம். செய்த பட்டறையின் பெயரையும் கேட்க வேண்டும். பிரான்ஸின் இன்னொரு கத்தி ஊரான தியேர் நகரத்துப் பட்டறைகளும் நெடுங்காலமாக இந்த வடிவத்தை நேர்மையாகச் செய்துவருகின்றன, அவர்களைப் போலிகளோடு சேர்க்கக் கூடாது.

சுருக்கமாக: பொய்ப்பெயர் தாங்கியது போலி, எந்த விலையிலும் வேண்டாம். சொந்தப் பெயர் போட்டு உருவத்தைத் திருடியது குளோன். பெரும்பாலும் சட்டம் தொடாது, நியாயம் தொடும். பொதுவான பொறியைக் கொண்டு சொந்த உருவம் படைத்தது காப்பியே அல்ல.

யாருடைய பணம் போகிறது?

குளோன் வாங்குபவர்களின் வலுவான வாதம் இது: ‘400 டாலர் கொடுத்து நான் எப்போதும் வாங்கப்போவதில்லை. அதனால் கிறிஸ் ரீவுக்கு ஒரு பைசா நஷ்டமில்லை.’ இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 40 டாலர் வைத்திருப்பவர் 400 டாலர் கடையின் வாடிக்கையாளர் இல்லைதான்.

ஆனால் அந்த 40 டாலர் வேறு யாருக்கோ போயிருக்கும். குவாங்டாங் மாகாணத்தின் யாங்ஜியாங் சீனாவின் கத்தித் தலைநகரம். குளோன் வெட்டும் பட்டறைகளுக்கு நடுவே, அதே நாட்டில் சொந்தமாக வரைந்து விற்கும் நிறுவனங்களும் வளர்ந்திருக்கின்றன. சிவிவி நிறுவனத்தின் எலிமென்டம் மாடல் அவர்கள் குழுவே வரைந்தது. கைசர் நிறுவனம் ரே லகோனிக்கோ போன்ற அமெரிக்க வடிவமைப்பாளர்களோடு கூட்டு வைத்து, அவர் பெயரைச் சொல்லியே விற்கிறது. வரைந்து, மாதிரி செய்து, தவறியதைத் தூக்கிப்போட்டு, மறுபடி செய்யும் செலவு இவர்களுக்கு உண்டு. குளோன்காரருக்கு அந்தச் செலவு இல்லை. வெற்றி பெற்றது எது என்று சந்தை காட்டிய பிறகு அதை மட்டும் அளந்தெடுக்கிறார். ஒரு குளோன் விற்பனையில் முதலில் அடிபடுபவர் அமெரிக்காவின் இடாஹோவில் இருக்கும், ரீவ் போன்ற பணக்காரக் கத்திக்காரர் அல்ல. அதே விலையில், அதே ஊரில், நேர்மையாகத் தொழில் செய்ய முயலும் இன்னொரு தயாரிப்பாளர். ‘சீனக் கத்தி என்றாலே காப்பி’ என்ற ஏளனமும் அவர் தலையில்தான் விழுகிறது.

‘முதலில் குளோனை வாங்கிப் பார்க்கிறேன், பிடித்தால் அசல்’ என்பது இன்னொரு வாதம். கையில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது மட்டும் அதில் தெரியும். அசலின் விலை எதற்கு என்பது தெரியாது. அந்த விலை உருவத்தில் இல்லை.

கண்ணுக்குத் தெரியாதது

அலகில் ‘டி2’ என்றோ ‘எஸ்35விஎன்’ என்றோ எஃகின் வகையைப் பொறித்திருப்பது லேசர் எழுத்து. எழுதச் செலவில்லை. டி2 எஃகில் சுமார் 1.5 சதவீதம் கார்பன், 12 சதவீதம் குரோமியம். எஸ்35விஎன்னில் சுமார் 3 சதவீதம் வனேடியமும் உண்டு. மலிவான 8சிஆர்13 எஃகில் கார்பன் 0.8 சதவீதம்தான், வனேடியம் பெயருக்கு. தினசரி அறுப்பதில் இந்த வித்தியாசம் முனை மழுங்கும் வேகமாகத் தெரியும். உறுதியாக அறிய, எஃகில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோ டெஸ்ட் வேண்டும். கோவை, சென்னை போன்ற ஊர்களில் ஃபவுண்டரிகளுக்குச் சோதனை செய்து தரும் கூடங்களில் நடக்கும். கையடக்க எக்ஸ்ரே கருவி கார்பனைக் காட்டாது என்பதையும், தீப்பொறி முறை காட்டும் ஆனால் அலகில் கருப்புப் புள்ளி விழும் என்பதையும் முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது.

எஃகு உண்மையாகவே இருந்தாலும் பாதி வேலைதான் முடிந்தது. அதைச் சூடேற்றிக் குளிர்வித்துப் பதப்படுத்துவதில் கடினம் வருகிறது. நல்ல டி2 அலகு, கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் 59 முதல் 61 வரை நிற்கும். 55இல் விட்டுவிட்டால் முனை மடியும். உலையில் நேரத்தைச் சேமித்தால் வெளியிலிருந்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்பதால், செலவு குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பது அங்கேதான்.

பூட்டில் கோளாறு வந்தால் விரல் போகும். லைனர் லாக்கிலும் ஃப்ரேம் லாக்கிலும் தகடு, அலகின் அடிப்பரப்பில் கால் பாகம் முதல் பாதி வரை உள்ளே வந்து நிற்க வேண்டும். விளிம்பைத் தொட்டு நின்றால் அழுத்தத்தில் நழுவும். புதுக் கத்தியிலேயே மறுகோடிவரை போய்விட்டால் தேய்வதற்கு இடமில்லை. தகடு டைட்டானியம் என்றால், அது மென்மையானது, கடின எஃகில் உரசும் முகத்தைப் பதப்படுத்த வேண்டும், அல்லது எஃகுத் துண்டு பதிக்க வேண்டும். குளோனில் அதைத் தவிர்த்தால் சில மாதங்களில் பூட்டு ஒட்டிக்கொள்ளும் அல்லது ஆட்டம் காணும். குறுக்குக் கம்பிப் பூட்டிலோ வில் சுருள் உடையும். பெயருள்ள நிறுவனம் மாற்றித் தரும். பெயரற்ற பட்டறையிடம் யார் போய்க் கேட்பது?

வாங்குமுன்

பிடித்த கத்தியின் படத்தை வைத்து இணையத்தில் படத்தேடல் செய்யுங்கள். வேறு பெயரில், பல மடங்கு விலையில் அதே உருவம் வந்தால் விஷயம் புரிந்துவிடும். தயாரிப்பாளரின் தளத்தில் வடிவமைப்பாளர் யார் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கூட்டு முயற்சியென்றால் பெருமையாகவே போடுவார்கள். பூட்டு புதுமாதிரி என்றால் கூகுள் பேட்டன்ட்ஸில் அதன் பெயரையோ கண்டுபிடித்தவர் பெயரையோ கொடுத்தால், உரிமை உயிரோடு இருக்கிறதா காலாவதியா என்று பக்கத்திலேயே காட்டும். பெரிய நிறுவனக் கத்தி சந்தேகப்படும்படி மலிவாக வந்தால், அந்த நிறுவனத் தளத்தில் உள்ள அதிகாரப்பூர்வ விற்பனையாளர் பட்டியலோடு கடைப் பெயரை ஒப்பிடுங்கள்.

கைக்கு வந்த பிறகு: டைட்டானியம் என்று சொன்ன கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது எஃகு. ஒட்டாவிட்டாலும் சில வகைத் துருப்பிடிக்காத எஃகும் ஒட்டாது என்பதால், சமையலறைத் தராசில் எடை போட்டுத் தயாரிப்பாளர் சொன்ன எடையோடு பாருங்கள். டைட்டானியத்தின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய 57 சதவீதம்தான், வித்தியாசம் ஒளியாது. பூட்டைச் சோதிக்க, தடிமனான துணியை அலகின் மேல் சுற்றி, விரல்களை மடங்கும் பாதைக்கு வெளியே வைத்து, முதுகை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினால் போதும். மேசையில் தட்டிப் பார்ப்பது நல்ல பூட்டையும் கெடுக்கும்.

கையில் காசு குறைவு, ஆனாலும் அசல் வேண்டும் என்பவர்களுக்கு வழி அடைத்துக் கிடக்கவில்லை. ஒப்பினெல் 8ஆம் எண் கத்தி, 1890இல் தொடங்கிய பிரான்ஸ் நாட்டுக் குடும்ப நிறுவனத்தின் தயாரிப்பு. பெரும்பாலான குளோன்களைவிட விலை குறைவு. விக்டோரினாக்ஸின் சிறிய மாடல்களும், ஸ்வீடனின் மோரா என்ற மடங்காத கத்திகளும் அந்த ரகம்.

ஏற்கெனவே ஒன்று இருந்தால்

சொந்தப் பெயர் போட்ட குளோன் என்றால் பூட்டைச் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். குப்பையில் போடுவதால் வடிவமைப்பாளருக்கு எதுவும் திரும்பாது. விற்பதானால் விளம்பரத்தில் அசல் மாடலின் பெயரைத் தேடலுக்காகக்கூடச் செருக வேண்டாம், தயாரித்தவர் பெயரை மட்டும் போடுங்கள். அசல் என்று நம்பி வாங்கியது போலி எனத் தெரிந்தால், பெட்டி, ரசீது, சின்னத்தின் நெருக்கப் படம் எல்லாவற்றையும் வைத்து விற்பனைத் தளத்தில் பணம் திரும்பக் கேளுங்கள். ‘தரம் சரியில்லை’ என்று எழுதாமல் ‘போலிச் சரக்கு’ என்றே எழுதுங்கள், இரண்டு புகாரும் வேறு வரிசையில் போகும். பணம் வராவிட்டாலும் அந்தக் கத்தியை அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். வைத்துக்கொள்வதானால் பொய்ச் சின்னத்தை எமரித் தாளால் தேய்த்து அழித்துவிட்டு, பெட்டியைக் கிழித்துப் போட்டுவிடலாம்.